ஓடுபாதையில் காயப்போட்ட நெல்

படுவான்கரை ஓடுபாதைக்குக் காவலாள் அழகரத்தினம். புல் வெட்ட வேண்டும், மாடு துரத்த வேண்டும், காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். அதற்கே மனிதர் விமானம் தன்னுடையது போலப் பேசுவார்.

சண்டையால் ஓடத்துறையும் ரோட்டும் அடைபட்ட வருடங்கள் அவை. கிழமைக்கு ஒரு தடவை சின்ன விமானம் ஒன்று மருந்து கொண்டுவரும். கூடவே வரும் காத்தான்குடி மெக்கானிக் சரீப் அதன் வரலாற்றைச் சொல்வான். எங்கோ மலைநாட்டில், குட்டிக் குட்டி வெளிகளில் இறங்கவென்று கட்டினார்களாம். முதலில் எஞ்சின் இழுக்கவில்லை, மாற்றினார்கள். இறக்கையை அகட்டினார்கள். கடைசியில், மெல்லப் பறந்தாலும் விழாத, நாலு எட்டில் எழும்புகிற வண்டியாயிற்று.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து, கிழக்கே வாவிப் பக்கமாக வந்து, விமானம் கிழக்கு மூலையிலேயே நின்றுவிடும். மிச்சத் தார்ப்பரப்பு சும்மாதானே கிடக்கிறது? அறுவடைக்கு நெல் காயப்போட அழகரத்தினம் தாராளமாக இடம் கொடுத்தார். அவருடைய கூட்டாளி கதிர்காமத்தம்பியின் வயலில் விளைந்தது முழுதும் அங்கே விரிந்தது.

விமானம் வருகிற நாளில்தான் அழகரத்தினத்தின் மனைவி புஸ்பத்துக்கு மாதம் முந்தி வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தப்பாது என்று மருத்துவமாது சொல்லிவிட்டாள். விமானமும் வந்தது. ஆனால் கச்சான் விழுந்து, கிழக்கிலிருந்து கடல்காற்று எழும்பியிருந்தது. காற்றுக்கு எதிரே இறங்க மேற்கிலிருந்து வர வேண்டும். அங்கே நெல். அதைத் தாண்டி இறங்கினால் வாவிக்குள் போய்த்தான் நிற்கும். காற்றுப் பார்த்து நெல் தூற்றுகிற கதிர்காமத்தம்பிக்கும் சரி, துணிக்குழாய் பார்க்கிற அழகரத்தினத்துக்கும் சரி, இது தோன்றாமல் போயிற்றே! விமானம் இறங்காமல் வட்டமடித்தது.

அழகரத்தினம் நெல்லின் ஓரம்வரை ஓடி நின்றுவிட்டார். அடுத்தவன் நெல்லில் எப்படிக் கை வைப்பது? கதிர்காமத்தம்பி நெல் தள்ளும் பலகையைத் தூக்கினார்.

"என்ன மச்சான் பாத்துக்கிட்டு நிக்காய்? தள்ளு."

நின்றவர்கள் எல்லோரும் தள்ளினார்கள். நெல் ஓரத்துப் புல்லிலும் சேற்றிலும் போய் விழுந்தது. மிச்சத்தை இறங்கிய விமானத்தின் காற்று அள்ளி எறிந்தது. புஸ்பத்தை ஏற்றிக்கொண்டு அது போனது. மாடு தின்றது போக, கதிர்காமத்தம்பிக்கு அந்தப் போகத்தில் அரைவாசிதான் மிஞ்சியது.

மாரி பிடித்த பிறகே புஸ்பம் பிள்ளையோடு திரும்பி வந்தாள். சரீப் இறங்கியதும் ஓடுபாதையின் இரு ஓரமும் பச்சைப்பசேலென்று நின்ற நெற்பயிரைப் பார்த்தான். புல் வெட்டுகிற மனிதர் அதில் கத்தி வைக்கவில்லை.

"ஆர் அண்ணன், இதுல வெள்ளாமை செய்த?"

அழகரத்தினம் புஸ்பத்திடமிருந்து பிள்ளையை வாங்கி, தான் முகம் பார்க்கும் முன்பே, பக்கத்தில் நின்ற கதிர்காமத்தம்பியின் கையில் கொடுத்தார்.