படத்தில் மூன்றாவது பெண்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்குகிறது. ஹட்டன் டவுனில் ஒரு கடையில் பெரிதாக்கி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி வாங்கியது. ஈரத்தில் அதன் மூலைகள் கிளம்பி நிற்கின்றன. தேயிலைக் கொழுந்துக் கூடைகளோடு எட்டுப் பெண்கள் மலை ஏறுகிறார்கள். பின்னால் நடுவில் பிளந்த ஒரு பெரிய பாறை. மூன்றாவது பெண் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சினிமாவில், ஆறு விநாடி வந்து போகிற காட்சி அது. வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் கொடுப்பதற்கு முன்பே மாமா அந்தப் பெண்மேல் விரலை வைத்து, "இதான் எங்கக்கா" என்பார்.

மாமா என் கணவரின் அப்பா. தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அக்காவை நாங்கள் இந்தியா அத்தை என்போம். மாமாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, கல்யாணமான கையோடு புருஷன் வீட்டாருடன் கப்பலேறிப் போனவர், நீலகிரிப் பக்கம் இருக்கிறார். அவருடைய சிறுவயதுப் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை, இதைத் தவிர. மூன்று வருடங்களுக்கு முன் அத்தைக்குக் கண் மங்கி வருகிறது என்று செய்தி வந்தது. பார்வை போவதற்குள் அந்தப் பாறையடியில் நின்று அக்காவுக்கு வீடியோவில் காட்டிவிட வேண்டும் என்று மாமாவுக்குப் பிடித்துக்கொண்டது.

பிடித்தது அவருக்கு. அலைந்தது நான். என் கணவருக்குக் கொழும்பில் வேலை. நான் டீச்சர், எனக்குச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மகளுக்கு அப்போது பதினொரு மாதம், சளி விட்டபாடில்லை, கிளினிக் கார்டில் எடைக்கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா தனியே போவார், வழுக்கி விழுவார், பழி எனக்கு வரும் என்று பயந்தேன். குழந்தையை விட்டுப் போக ஆளில்லை. கூட்டிப் போனால் குளிர். வட்டவளையில் ரயிலேறி நானுஓயா போய்ச் சேரும்வரை, செய்வது சரியா தவறா என்ற கேள்விதான் என் மடியில் உட்கார்ந்திருந்தது.

மாமா பிறந்த தோட்டத்தில்தான் அந்தச் சினிமாவை எடுத்தார்கள் என்பது தெரியும். ஆனால் அது ஐந்து பிரிவுகளாக மலை மலையாகப் பரந்து கிடக்கிற தோட்டம். கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவருக்கு எந்தப் பாறை என்று எப்படித் தெரியும்? முதல் சனிக்கிழமை ஒரு பாறையைப் பார்த்து "இதேதான்" என்றார். அரை மணி நேரம் நின்றுவிட்டு "இது இல்லம்மா" என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. குழந்தையும் அதன் பையும் என்னிடம். மாமாவின் கையில் படம் மட்டும். பையில் காய்ச்சலுக்குப் பெனடோல் சிரப் வைத்ததும் நான்தான், மருந்துச்சாலைக்காரர் இல்லை.

"அத்தையையே கேட்டா என்ன மாமா?" என்றேன்.

"கேட்டா சர்ப்ரைஸ் போயிரும்ல."

என் கால்விரல் இடுக்கில் இரத்தம் குடித்துக்கொண்டிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டே பல்லைக் கடித்தேன். மூன்றாவது வாரம் வழியில்லாமல் அத்தையிடமே போனில் கேட்டார். "ஏழாம் நம்பர் மலைடா தம்பி. அதையா தேடுற? பேசாம வீட்ல இரு" என்று அத்தை சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை நாங்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது என் தவறு. படித்தவள் அல்லவா, முறையாகச் செய்யலாம் என்று தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் எழுதி, வரைபடத்தின் பிரதி வாங்கினேன். அதில் ஏழு என்று போட்டிருந்த மலைக்கு ஒரு மணி நேரம் ஏறினோம். பாறை இல்லை, ஒரு கல்கூட இல்லை. இடுப்பளவு இளந்தேயிலைதான். ஏழாம் நம்பர்ப் பாறை எங்கே என்று கேட்டதும், கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எந்த ஏழுங்க தேடுறீங்க? புது ஏழா, பழைய ஏழா?"

"ரெண்டு இருக்கா?"

"பழைய தேயிலய புடுங்கிட்டு புதுக்கன்னு நட்டாங்கல்ல, அப்ப நம்பரெல்லாம் மாத்திட்டாங்க. ஆபீசுக்கு இதான் ஏழு. எங்களுக்கு அந்தா, அதுதான் ஏழு." எதிர்மலையைக் காட்டிய பெண் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "டீச்சரம்மா மேப்பு பாத்து வந்திருக்காங்கடி. எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா ரோட்டுலயே சொல்லியிருப்போம்."

எதிர்மலையில் இப்போது தேயிலை இல்லை. டர்பன்டைன் மரங்கள். நடுவே பாசி பிடித்து, பிளந்தபடி நின்றது பாறை. மாமா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கோடு கோடாகப் பொருந்தியது. எனக்கே ஒரு நிமிடம் கால்வலி மறந்தது. உடனே அத்தையை வீடியோவில் அழைத்தார்.

அத்தை போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "அந்தப் பாறதான்" என்றார். பிறகு, "நான் அதுல இல்லடா தம்பி" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க? மூணாவதா நிக்கிறது?"

"அது யாரு புள்ளயோ. அன்னைக்கி கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவ, ஆயாவுக்குக் காய்ச்சல்னு பூட்டிட்டாங்க. அம்மாவுக்குக் கீழ்க்கணக்கு மலையில வேல. உன்ன என் கையில குடுத்துட்டுப் போயிருச்சு. எறக்கிவிட்டா நீ கத்துற. லயத்து வீட்டு வாசல்ல நின்னு பாத்தேன், சினிமாக்காரங்க புடிச்ச பெரிய குட மட்டுந்தான் தெரிஞ்சிச்சு."

"பின்ன படத்துல இருக்கேன்னு ஏன் சொன்னீங்க?"

"எல்லாக் குட்டிகளும் போயிருச்சுக, நான் மட்டும் போகலன்னு சொல்லவா? அம்மா படத்தையே பாக்கல, சொன்னத நம்பிருச்சு. அது சொல்லி நீ நம்பிட்ட. அப்புறம் எப்பிடி மாத்துறது?"

மாமா "சரிக்கா" என்று மட்டும் சொல்லி போனைச் சட்டைப்பையில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான்கு சனிக்கிழமை. அட்டைக்கடி. குழந்தையின் இருமல். இத்தனையும் யாரோ ஒரு பெண் நின்ற இடத்துக்காக. நான் வாய் திறப்பதற்குள் மாமா படத்தை என்னிடம் நீட்டினார்.

"இதப் புடி. புள்ளயக் குடு, நான் தூக்குறேன்."

அவரிடம் போனதும் அவள் கத்தத் தொடங்கினாள். ரோட்டுக்கு வரும்வரை கத்தினாள். அவர் இறக்கிவிடவில்லை. வழுக்கிவிடுமோ என்று நான் பின்னாலேயே பதறிக்கொண்டு வந்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்த விருந்தாளியிடம் அதே விரல், அதே பெண், அதே "இதான் எங்கக்கா." குசினியில் கரண்டியைச் சத்தமாகவே வைத்தேன். அவர்கள் போனபின், "தெரிஞ்சும் ஏன் மாமா இப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் அழாம இருந்திருந்தா அக்கா அங்கதானம்மா நின்னிருக்கும்" என்றார்.

போன வருடம் மாமா காலமானார். அவர் படமும் இதன் பக்கத்தில் ஏறிவிட்டது. அத்தைக்கு இப்போது பார்வை இல்லை. குரலை வைத்துத்தான் எங்களை அடையாளம் காண்கிறார். நேற்று அவர் போனில் பேசி முடித்ததும் மகள் நாற்காலிமேல் ஏறி நின்று, "இதுல இந்தியா பாட்டி எங்கேம்மா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லக்கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். உண்மையைச் சொன்னால், அழுத குழந்தையிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு வயதில் அவளுக்கு அது எதற்கு? இந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் மாமா. எட்டுப் பேரையும் ஒருமுறை பார்த்தேன். பிறகு அவள் விரலைப் பிடித்து, மூன்றாவது பெண்மேல் வைத்தேன்.