கீரைக் காகிதத்தில் எழுதிய சுரங்கள்

அறுபதுகளில் நான் பகலில் கப்பல் கம்பெனி குமாஸ்தா. சனிக்கிழமை மாலைகளில் ஒரு சிறிய குழுவில் இரண்டாம் வயலின். குழுவை நடத்திய சீன ஆசிரியர் புதுமாதிரி இசை எழுதுபவர். ஊர் ஜனங்கள் பேசும் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே வயலினுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஹொக்கியன் என்ற சீனப் பேச்சும் மலாயும் சேர்ந்துவிட்டன. தமிழ் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். நான் கொண்டுவருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அவருடைய ஒலிப்பதிவுப் பெட்டியைச் சுமந்துகொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். நான் தினமும் கீரை வாங்கும் கடைக்கார அக்காவிடம் மைக்கை நீட்டினேன். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம். இங்கு பசுமையான கீரைகள் கிடைக்கும்" என்றார், வானொலியில் செய்தி வாசிப்பவர் போல. பக்கத்து மீன்காரர் ஒரு மேடைப் பேச்சே பேசிவிட்டார். மைக்கைக் கண்டால் நம்மவர்களுக்குச் செந்தமிழ் பொத்துக்கொண்டு வரும். எரிச்சலோடு பெட்டியை மூடினேன்.

மறுநாள் வெறுங்கையோடு போனேன்.

"வீட்டுக்காரர் நல்லா இருக்காராக்கா?"

"அவருக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்காரு."

தினமும் கேட்கும் பதில்தான். அதன் சுரங்களைக் கீரை சுற்றிய காகிதத்தில் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை அதை வாசித்துக் காட்டினேன். ஆசிரியருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "யார் இறந்துபோனது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வெட்கமாக இருந்தது. என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

திங்கட்கிழமை அக்காவிடம் உண்மையைக் கேட்டேன். ஒரு கீரைக்கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அவரு வீட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு தம்பி. எங்க இருக்காருன்னே தெரியல."

அவர் சொன்ன பதிலின் சுரங்கள் கச்சேரியில் வரப்போகும் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாமென்றால் எடுத்துவிடச் சொல்கிறேன், தமிழ் இல்லாமலே போகட்டும் என்றேன்.

"நான் சொன்ன வார்த்தை அதுல வருமா?"

"வராதுக்கா. வயலின் மட்டும்தான்."

"அப்ப வாசிங்க லா. யாருக்குத் தெரியப் போவுது?"

வாசித்தேன். கச்சேரி முடிந்ததும் ஒரு மலாய்க்காரப் பெண் என்னிடம் வந்து, நான் தனியாக வாசித்த இடத்தில் அழுகை வந்துவிட்டது என்றார்.

மறுநாள் அக்கா கீரையைச் சுற்றிக்கொண்டே, "யாருக்காச்சும் தெரிஞ்சுதா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். குரல் இறங்காமல் பார்த்துக்கொண்டேன்.