நசீமா கொண்டுவந்த ரத்தம்

ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. நசீமா அக்கா தவறிவிட்டார். கீழே வரிசையாக இரங்கல்கள். நான் எதுவும் எழுதவில்லை. அவர்களோடு சேர்ந்து வருந்தும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

எங்கள் உயிர்வேதியியல் துறையில் ரத்தம் எடுக்கும் டெக்னீஷியனாக இருந்தவர் அவர். "இங்க பாக்காதீங்க கண்ணு, உங்கூட்டு நாய் பேரச் சொல்லுங்க" என்பார். சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

பல்லடம் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்றில் ஆய்வு செய்தோம். ஈயம் ஏறினால், ரத்த அணுக்களைச் சிதையாமல் காக்கும் குளூட்டதயோன் குறையும். தொழிலாளர்களுக்குக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஈயத்தோடு தொடர்பில்லாதவர்கள் வேண்டும். பட்டறைக்குள் கால் வைக்காதவர்கள் என்று அவர்களின் மனைவியரையே தேர்ந்தெடுத்தேன். யோசனை என்னுடையது.

அந்த மனைவியரிலும் நான்கு பேருக்குக் குறைந்திருந்தது. குளிர்ச்சியில் வைக்காத ரத்தத்தில் அந்த அளவு தானாகவே இறங்கிவிடும். மாதிரிகளை எடுத்துக்கொண்டு வந்த நசீமாவிடம் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஐஸ் கரைய விட்டுட்டீங்களா?"

"பெட்டிய மடியில வெச்சுட்டுத்தானுங்க மேடம் பஸ்ல வந்தேன். கரஞ்சிருந்தா மொதல்ல என்ற சேலைதான் நனஞ்சிருக்கும்."

யாரோ சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பொம்பளைங்கதானுங்க ஊட்டுக்காரரு சட்டைய ஒதறித் தொவைக்கறாங்க. தூசி பூரா அவங்க மூஞ்சிலதான்" என்றார்.

"ஊகமெல்லாம் வேண்டாங்க" என்றேன். பதிவேட்டில் 'சேகரிப்பில் பிழை' என்று எழுதி நால்வரையும் நீக்கினேன். பிறகு அவரை வெளி வேலைக்கு அனுப்பவே இல்லை.

கட்டுரை வெளியான பின், மிச்சமிருந்த அந்த மாதிரிகளில் ஈயம் பார்த்தேன். நால்வருக்கும் மிகுதியாக இருந்தது. திருத்தம் அனுப்பவில்லை. அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. நசீமாவிடமும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தியது நான்தான்.

துக்க வீட்டில் என் அருகே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பல்லடத்திலிருந்து வந்ததாகச் சொன்னார்.

"ரத்தம் எடுத்துட்டுப் போன அடுத்த மாசம் இந்தக்கா தனியா வந்தாங்க. சட்டைய ஒதறாதீங்க அம்மணி, வாசல்லயே தண்ணில முக்கிப்போட்டுத் தொவைங்க, கொழந்தைங்களக் கிட்ட உடாதீங்கன்னு ஊடு ஊடாச் சொன்னாங்க. அப்ப எம்பொண்ணு வயித்துல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் அங்கதானுங்களா வேலை? நீங்கெல்லாம் சொல்லித்தான அனுப்பிச்சீங்க? நல்லா இருப்பீங்க."

"ஆமாங்க" என்றேன்.

நசீமா அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த வாழ்த்து. அது எனக்குரியதல்ல. நான் அனுப்பவில்லை. அவராகத்தான் போனார்.