கழுத்து வரை மழை

இன்று ஜீயபுரத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மழைத்துளி தரைக்கு வருவதற்குள் காற்றில் எவ்வளவு ஆவியாகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீரிலேயே லேசானதும் கனமானதும் உண்டு. லேசானது முதலில் பறந்துவிடும். மிச்சத்தில் கனமானது எவ்வளவு என்று அளந்தால் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அந்த ஊரில் செல்வி அக்கா என்பவர் வீட்டு மொட்டை மாடியில், மழை பிடிக்கும் என் புனலும் அதன் கீழே ஒரு பாட்டிலும் இருக்கின்றன. மழை விட்டதும் பாட்டிலை மூடி வைப்பவர் அவர்தான். "கழுத்து வரைக்கும் நிரம்பியிருக்கணும்க்கா, காத்து இருந்தா உள்ளயே ஆவியாயிடும்" என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

பல வாரம் கழித்து நேற்றுதான் மழை. அதுவும் தூறல். இன்று போனால் பாட்டில் தளும்பத் தளும்ப நிற்கிறது!

"இவ்வளவு மழையாக்கா பெஞ்சுது?"

"எங்கங்க? பாதிதான் இருந்துச்சு. நீங்க நிரம்பணும்னீங்களே, மீதிக்குக் குழாய்ல பிடிச்சு ஊத்திட்டேன்."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். குழாயில் வருவது அணையில் வெயிலில் கிடந்து கனமேறிய காவிரித் தண்ணீர், மழையோடு கலந்தால் எல்லாம் போச்சு என்றேன்.

அக்கா அசரவே இல்லை.

"மழை எதுவரைக்கும் இருந்துச்சுன்னு பாட்டில்ல கோடு போட்டிருக்கேன் பாருங்க. குழாய்த் தண்ணியும் ஒரு பாட்டில் கொண்டுபோய் அளங்க. அதைக் கழிச்சுட்டா மிச்சம் மழைதானே?"

மழைதான். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

இரண்டு பாட்டிலும் மடியில் இருக்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கட்டுரையில் அக்கா பெயரை நன்றியில் போடுவதா, என் பெயருக்கு முன்னால் போடுவதா? நீங்களே சொல்லுங்கள்.