ஓடைக்குப் போட்ட மருந்து

மாமாவுக்கு வேலை கிடைத்ததில் அவரைவிட எங்களுக்குத்தான் பெருமை அதிகம். திண்டிவனத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த மனிதர், கல்வராயன் மலையில் பாறை உடைத்து ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்ததும், மலையே தன் பெயருக்குப் பட்டா ஆகிவிட்டதுபோல் பேச ஆரம்பித்தார். "கரிநாளுக்கு எல்லாரும் கெளம்பி வாங்க. நம்ம ஓடையில மீனு புடிச்சுத் தர்றேன்" என்றார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்றைக்குக் கவிச்சி இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். நான் நான்காம் வகுப்பு. விழுப்புரத்தில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, விடியற்காலையில் ஜல்லி லாரியில் அண்டாவும் ஜமக்காளமுமாக ஏறினோம். அம்மா மட்டும் ஒரு குடம் குழாய்த் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மலைத் தண்ணீர் குளிர்காய்ச்சல் கொடுக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"எங்கக்காவப் பாரு, ஓடைக்குத் தண்ணி தூக்கினு வருது!" என்று மாமா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மலையில் புது ரோடு செக்கச்செவேலென்று கிடந்தது. வெட்டிய மண்ணையெல்லாம் சரிவில் தள்ளிவிட்டிருந்ததால், கூடவே வந்த பெரிய ஓடை கேப்பைக் கூழ் மாதிரி கெட்டியாக ஓடியது. பக்கத்துப் பள்ளத்திலிருந்து இறங்கும் சின்ன ஓடை மட்டும்தான் தெளிவு. அது தேங்கி நின்ற மடுவில் அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. டிரைவர் லாரியை நேராக அதற்குள் இறக்கிக் கழுவினார். தண்ணீர்மேல் எண்ணெய் ஏழு நிறத்தில் விரிந்தது. நாங்கள் கைதட்டினோம்.

பிறகு மாமா ஒரு மூட்டையைப் பிரித்தார். பிளீச்சிங் பவுடர். தெருக் கிணற்றில் முனிசிபாலிட்டி ஆள் வந்து போடுவாரே, அதேதான். அந்த நெடி அடித்தால்தான் தண்ணீர் சுத்தம் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். "தண்ணியும் சுத்தமாவும், மீனும் மேல வரும்" என்று சொல்லிக்கொண்டே வாளியில் கரைத்து மடுவின் தலைப்பில் ஊற்றினார்.

முதலில் பொடிமீன்கள் பாறைமேல் எகிறி விழுந்தன. அப்புறம் பெரியவை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நண்டுகள் எங்கள் கால்களுக்கு நடுவிலேயே கரையேறின, எங்களைக் கண்டு பயப்படக்கூட அவற்றுக்கு நேரமில்லை. நாங்கள் கூச்சலிட்டுக்கொண்டே பாவாடையில் அள்ளினோம்.

அப்போதுதான் மண்குடத்தோடு ஓர் அம்மாள் வந்து நின்றார். கீழே இருந்த குடிசைகளில் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். கீழே கொட்டினார்.

"என்னாத்தப் போட்டீங்க?"

"மருந்துதாம்மா. டவுன்ல கெணத்துக்கே போடறது. பயப்படாம மொண்டுனு போ" என்றார் மாமா.

"நீங்க குடிச்சிக் காட்டுங்க."

மாமா சிரித்தபடி ஒரு கை அள்ளி வாயருகே கொண்டுபோனார். கண் எரிந்து தும்மல் வந்துவிட்டது. "நாங்கல்லாம் வெளியூரு, ஒத்துக்காது" என்றார். டிரைவர் மட்டும் சிரித்தார்.

"ரோடு போட்டு அந்தத் தண்ணியச் சேறாக்கிட்டீங்க. இது ஒண்ணுதான் இருந்திச்சு. வூட்ல எம் பொண்ணு நேத்துதான் புள்ள பெத்திருக்குது. அதுக்கு எந்தத் தண்ணியக் காய வெக்கட்டும்?"

"அந்த ரோடே உங்களுக்குத்தாம்மா. இனிமே ஆஸ்பத்திரிக்கு ஜல்தியாப் போலாமில்ல?"

"இப்டியே பண்ணினு இருந்தீங்கன்னா போய்த்தான் ஆவணும்" என்றார் அந்த அம்மாள்.

அம்மா எழுந்தாள். எங்கள் குடத்தைத் தூக்கிவந்து அந்த மண்குடத்தில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தாள்.

"யக்கா! நமக்கு?" என்று பதறினார் மாமா.

"ஒன் மருந்துத் தண்ணி இருக்குதே, குடி."

அந்த அம்மாள் நன்றி எதுவும் சொல்லவில்லை. குடம் தளும்பாமல் மெல்லப் படியிறங்குவதுபோலப் பாறைகளில் இறங்கிப் போனார்.

சமையல் நடக்கவில்லை. எந்தத் தண்ணீரில் சோறு வடிப்பது? மதிய வெயிலில் லாரி இறங்கியது. தம்பி தாகத்தில் அழுது அழுது தூங்கிப்போனான். அண்டாவில் மீன் நாற ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி தாண்டியதும் மாமாவே லாரியை நிறுத்தி எல்லாவற்றையும் சாலையோரத்தில் கொட்டினார். காக்கைகள் வந்தன. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கோ அம்மாமேல் கோபம். "ஓடை பக்கத்துலயே இருக்கறவங்களுக்கு நாம ஏம்மா தண்ணி தரணும்?" என்று கேட்டேன்.

"பேசாம வாடி."

பேசாமல் வந்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்து ஒரு பெருமைகூட வந்தது. நிறைகுடம் கொடுத்திருக்கிறோம், இனி அவர்களுக்கு என்ன குறை என்று தோன்றியது. பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எத்தனை நேரத்துக்கு வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.