குணமாகிவிட்டதாகச் சொன்னவர்

என் வீட்டுக்காரர் கிதியோனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஏழு வருஷம் ஆகிறது. சட்டென்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற வகை இல்லை. பிடிவாதமாகக் கூடவே குடியிருக்கிற வகை. தினம் ஒரு மாத்திரை, வயிறு நிறையச் சாப்பிட்டதும், ஒரு சொம்புத் தண்ணீரோடு. ஒரு நாளும் தவறக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் நோயின் அளவைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

அனுபவித்தால்தான் தெரியும். மாத்திரை போட்டால் குமட்டும். கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். காலையில் கண்ணிமை இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கும். அந்த முகத்தோடு காஞ்சன்பாக் தொழிற்சாலைக்குக் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே போவார். நடை நல்லதென்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் சமையலில் உப்பைக் குறைத்தேன். மருந்தோடு சேராதென்று பம்ப்ளிமாஸ் பழத்தை வீட்டுக்குள் விடவில்லை. எனக்கும் பள்ளிக்கூட வேலை இருக்கிறது. இந்த மனிதரின் வயிற்றையும் காலையும் கண்ணையும் கவனித்துக் கவனித்து நான் ஓய்ந்துபோனேன். சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

போன வருஷம் ஒரு ரிப்போர்ட்டில் நோயே தென்படவில்லை. அதற்காக மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்று டாக்டரம்மா தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படித்துப் படித்துச் சொன்னார். இவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் சாட்சி சொல்ல எழுந்தார். தனக்கு நடந்த நன்மையை எல்லார் முன்னாலும் நின்று சொல்வது எங்கள் வழக்கம். கர்த்தர் தன்னைப் பூரணமாகக் குணமாக்கிவிட்டார் என்றார். பெண்கள் பக்கம் எல்லாரும் அழுதார்கள். நானும்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு சபையில் இவருக்குத் தனி மரியாதை. நோயாளிகள் வீட்டுக்கு ஜெபம் பண்ணக் கூட்டிப்போனார்கள். இவர் முகமும் தெளிந்தது. வீக்கம் வடிந்து, எங்கள் கல்யாண ஃபோட்டோவில் இருந்த கண்கள் திரும்பி வந்தன. நான் பூரித்துப்போனேன். மாத்திரையை வழக்கமாக மத்தியானம் கேண்டீனில்தான் போட்டுக்கொள்வார், அதனால் நான் கேட்கவும் இல்லை. அடுத்த பரிசோதனையை ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டார்.

கடைசியில் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நோய் மறுபடி ஏறியிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். போடுகிறேன் என்றார் இவர். அப்படியானால் இந்த மருந்து கேட்கவில்லை, வேறு கடுமையான மருந்துக்கு மாற வேண்டும், அது நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைத்தாலும் வைக்கும் என்று சொல்லிக்கொண்டே சீட்டு எழுத ஆரம்பித்தார். இவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தெளிந்த கண்களைப் பார்த்தேன். அடப்பாவி மனுஷா!

"எத்தனை மாசமா போடல?" என்றேன்.

"நக்கோ ஹில்டா, இங்க வேணாம்."

"இங்கதான் சொல்லணும்."

"அஞ்சு மாசம்," என்றார்.

டாக்டரம்மா எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். பழைய மாத்திரையையே ஆரம்பித்து மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். ஆட்டோவில் வழி நெடுகத் திட்டினேன்.

"குணமாயிட்டேன்னு சொல்லிட்டு மாத்திரையும் முழுங்கினா, அது விசுவாசமா?" என்றார். ஆட்டோ சிக்னலில் நின்றபோது, "எல்லாரும் என்னை நல்லா இருக்கிற மனுஷனா பார்த்தாங்க ஹில்டா," என்றார்.

அதற்குமேல் திட்ட எனக்குத் தெம்பில்லை.

இரண்டு வாரம் கழித்து, மறுபடி வீங்கிய கண்களோடு இவர் சாட்சி நேரத்தில் எழுந்தார். எழுந்திருக்கச் சொன்னது நானில்லை. "நான் குணமாகல. மருந்தை நிறுத்தினேன், நோய் திரும்பிடுச்சு. என் பேச்சைக் கேட்டு யாரும் மருந்தை விடாதீங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அழவில்லை. பாஸ்டர் பாட்டு நம்பரைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, இவர் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்த நோயாளிகளில் ஒருத்தி, பிளெசி, வாசலில் நின்றிருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. இளைத்துப்போயிருந்தாள்.

"அண்ணே, நான் மூணு மாசமா ஊசி போடல," என்றாள்.

இவர் அவளைப் படியில் உட்கார வைத்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டேன்.