மீரான் பாய் மார்க் போட்ட இரண்டு நாடுகள்

நாகூர் மீரான் பாய் மஸ்கட்டில் இருபத்துநான்கு வருடம் இருந்தார். அதாவது, மஸ்கட்டில் ஒரு டைல்ஸ் கிடங்கில் இருந்தார். கிடங்கு, ஆறு பேர் படுக்கும் அறை, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், இந்த மூன்றையும் விட்டு அவர் வேறெங்கும் போனதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊர் திரும்பிய நாளிலிருந்து, ஓமன் அரசாங்கமே இவரைக் கேட்டுத்தான் ரோடு போட்டது போலப் பேசுவார்.

நான் தியாகராசன். காரைக்கால் தலத்தெருவில் அவர் வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தினமும் பத்து மணிக்கு வந்து என் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்காருவார். "நம்ம ஊர்ல இருக்கறதெல்லாம் ரோடா? அங்க ரோட்டுலயே சோத்தப் போட்டுச் சாப்புடலாம் தியாகராசு" என்பார். இருபத்துநான்கு வருடத்தில் ஒரு நாளாவது அப்படிச் சாப்பிட்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். எதிர்வீட்டுக்காரராயிற்றே என்று விட்டுவிடுவேன்.

போன வருடம் அவருடைய ஒரே மகள் ஷிஃபாவுக்கு இரண்டு வரன் வந்தது. நஸ்ருதீனுக்கு ஓமனில் வேலை. தஹ்ஸீனுக்குப் பக்கத்து நாட்டில், துபாயில். இரண்டுமே தெரிந்த குடும்பம், படிப்பும் ஏறத்தாழ ஒன்று. வேறொரு தகப்பன் என்றால் பையன் கோபக்காரனா, கெட்ட பழக்கம் உண்டா என்று விசாரித்திருப்பார். மீரான் பாய் நாடுகளை விசாரித்தார்.

மூன்று வாரம் என் கடைக் கம்ப்யூட்டர் அவர் வசம். குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, திருட்டு பயம், வெயில் என்று முப்பத்தொரு வரி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று இரண்டு நாட்டுக்கும் மார்க். ஷிஃபாவுக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது. ஆனால் பெட்ரோல் விலைக்கு மட்டும் அரை நாள் யோசித்தார். துபாய் மெட்ரோ ரயிலுக்கு எட்டு போட்டுவிட்டு, மறுநாள் வந்து ஏழாக்கினார்.

"கூட்டம் ஜாஸ்தியாம்" என்றார்.

"ஓமன்ல ரயிலே இல்லயே பாய்" என்றேன்.

"அதனாலதான் அமைதிக்குப் பத்து போட்டிருக்கேன்."

ஓமன் ஆறு மார்க்கில் ஜெயித்தது. ஜெயிக்கும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். பட்டியலை அழகாக அச்செடுத்து லாமினேட் செய்து தந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். பட்டியலில் எனக்கும் பங்கு உண்டாம். ஷிஃபா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அவள் உம்மா சுல்தான் பீவி கதவோரம் நின்றிருந்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க வாப்பா. கல்யாணத்துக்குப் பொறவு நா எங்க இருப்பேன்?"

"இஞ்சதான். மாடி எடுத்திருக்கேனே, ஒனக்குத்தானே அது?"

"அப்ப இதுல காரைக்கால் எங்க?"

எங்கள் ஊர் மரைக்காயர் வீடுகளில் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குவார், லீவு முடிந்ததும் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிடுவார். பெண் அதே வீட்டில், அதே அடுப்படியில் இருப்பாள். மீரான் பாய் குடியிருப்பதே சுல்தான் பீவியின் வீடுதான். அப்படிப்பட்ட மனுஷன், மகள் கால் வைக்கவே போகாத இரண்டு நாடுகளின் ஆஸ்பத்திரிக்கு மூன்று வாரமாக மார்க் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்துப் பிழை திருத்திய எனக்கும் அது உறைக்கவில்லை. என்னைப் பற்றி எனக்குப் பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

"மாப்புள்ள நல்ல நாட்டுல இருந்தாத்தானே நீ இஞ்ச நிம்மதியா இருப்ப?" என்றார் பாய், விடாமல்.

"யாரு என்னயக் கூட்டிட்டுப் போறாங்கன்னு கேளுங்க வாப்பா. அந்த நாட்டுக்கு ரெண்டே மார்க் போட்டாலும் எனக்குச் சம்மதம்."

பாய் அப்போதே இரண்டு பேருக்கும் ஸ்பீக்கரில் போன் போட்டார். நஸ்ருதீன் மரியாதையான பையன். "குடும்பத்தோட இருக்க சம்பளம் பத்தாதுங்க மாமா. நானே அஞ்சு பேரோட ஒரு ரூம்ல இருக்கேன்" என்றான். தஹ்ஸீன் கொஞ்சம் யோசித்தான். "அஞ்சு வருசம் போவட்டும் மாமா, பாக்கலாம். உம்மாட்ட வேற கேக்கணும்" என்றான்.

போனை வைத்துவிட்டு மீரான் பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "துபாய்க்காரன் அஞ்சு வருசம்னாவது சொல்றான். அதுக்கு ஒரு நாலு மார்க் போடலாம்" என்று அட்டையில் எழுதப் பார்த்தார். லாமினேட் செய்த அட்டையில் பேனா வழுக்கியது. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது.

சுல்தான் பீவி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார்.

"ஓமன் ஒசந்த நாடுதான்" என்றார். குரல் உயரவே இல்லை. "நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். இவ பொறந்தப்ப நீங்க அங்க இருந்தீங்க. இவளுக்கு டைபாய்டு வந்து கெடந்தப்பவும் அங்கதான். எங்க உம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணினப்பவும் அங்கதான். நா எந்த நாட்டுல இருந்தேன்னு ஒரு நாளும் நீங்க கேட்டதில்ல. ரெண்டு வீட்டுக்கும் வேணாம்னு சொல்லிடுங்க. இந்த வீட்டுல நா ஒருத்தி காத்துக் கெடந்தது போதும்."

ஷிஃபா அட்டையை வாப்பா பக்கம் நகர்த்தி வைத்தாள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே வெட்கமாக இருந்தது. மீரான் பாய் போனை எடுத்தார். முதலில் ஓமனுக்குத்தான் போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னார்.